பையில் என்ன போடுவது? தில்லித் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

மயூர் விஹாரிலும் அக்கம்பக்கத்திலும் சின்னப் பிள்ளைகளோடு குடித்தனம் நடத்தும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும்,

அப்பாக்களையும் சேர்த்துக் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. பிறந்தநாள் ரிட்டர்ன் கிஃப்ட் விஷயத்தில் அவர்கள் பங்கு யூபிஐ-யில் பணம் அனுப்புவதோடு முடிந்துவிடுகிறது. பிறகு தொகையைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவதும் அவர்கள்தான். ஆகவே இந்த மடலை அவர்களும் கடைசிவரை படிக்கட்டும்.

இன்னும் கொஞ்ச நாளில் சீசன் தொடங்கிவிடும். மே, ஜூனில் பிறந்த பிள்ளைகள் பாவம். அவர்களுடைய தோழர்களில் பாதிப் பேர் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறி ஊருக்குப் போயிருப்பார்கள். அக்டோபர் வந்து வெயில் தணிந்ததும் சொசைட்டி பார்க்கில் வாரத்துக்கு ஒரு ஷாமியானா, ஒரு மேஜிக்காரர், ஒரு கேக். வாசலில் அட்டைப்பெட்டி நிறையப் பைகள். அந்தப் பைகளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

போன வாரம் வீட்டுக்கு வந்த பை ஒன்று இப்போது என் மேஜையில் இருக்கிறது. ஊதா நிறப் பை, மேலே யூனிகார்ன். உள்ளே ஒரு பென்சில் டப்பா. பொத்தானை அழுத்தினால் பக்கவாட்டிலிருந்து ஷார்ப்னர் எட்டிப் பார்க்க வேண்டும், பார்க்கவில்லை. சீவச் சீவ முனை உடைகிற இரண்டு பென்சில். பர்கர் வடிவத்தில், ஸ்ட்ராபெரி வாசனையில் ஓர் அழிப்பான். அழிக்காது, தாளைக் கறுப்பாக்கும். இருட்டில் மினுக்கும் மோதிரம். பச்சை ஸ்லைம் ஒரு டப்பா, இப்போது அதில் பாதி சோபா உறையில். ஐந்து டாஃபி. வந்ததற்கு நன்றி என்று ஆங்கிலத்தில் ஒரு அட்டை. டாஃபி அன்றிரவே தீர்ந்தது. மற்றவை எல்லாம் கட்டிலுக்கடியில், இதற்கு முன் வந்த பைகளின் மிச்சத்தோடு போய்ச் சேர்ந்தன. உங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியிலும் இதே கதைதான் என்று எனக்குத் தெரியும். பெருக்க வரும் தீதியைக் கேட்டால் சொல்வார்.

கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. அலைந்து திரிந்து, பாசத்தோடு கட்டிய பைதான் அது. இத்தனையும் யாருக்காக என்பதுதான் கேள்வி. வாசலில் கிளம்பும்போது கையில் ஏதாவது ஒன்று வேண்டும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பது உண்மை. அதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. "அவங்க போன தடவை ஸ்டீல் பாட்டில் குடுத்தாங்க, நாம வெறும் பென்சில் குடுத்தா நல்லாவா இருக்கும்?" என்று கேட்பது எட்டு வயதுப் பிள்ளை இல்லை, நாம். மறுநாள் வாட்ஸ்ஆப்பில் பையைப் பிரித்துப் படம் போடுவதும் நாம்.

வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாத வழக்கம் நமக்குப் புதிதில்லை. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு பழம். கல்யாணம் என்றால் தேங்காயோடு மஞ்சள் பை. தாம்பூலத்தில் நான் மெச்சுவது அதன் உள்ளடக்கம் முன்கூட்டியே முடிவாகியிருப்பதைத்தான். கலெக்டர் வீட்டிலும் கிளார்க் வீட்டிலும் அதே இரண்டு வெற்றிலை, அதே பாக்கு. போட்டி போட அதில் இடமே இல்லை. கொண்டுபோனது இரண்டு நாளில் சமையலுக்கோ சாமிக்கோ ஆகிவிடும். ரவிக்கைத் துணி உள்ளே நுழைந்ததும்தான் வினை ஆரம்பித்தது. கொலுவுக்கு வந்த மாமிகள் துணியை இரண்டு விரலால் தேய்த்துத் தரம் பார்ப்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஒரே ரவிக்கைத் துணி கரோல்பாக் போய், ஆர்.கே.புரம் சுற்றி, அடுத்த நவராத்திரிக்குக் கொடுத்தவர் வீட்டுக்கே திரும்பி வந்த கதைகளும் நமக்குள் உண்டு. அதே நவராத்திரியில், அஷ்டமியன்று பஞ்சாபி வீடுகளில் கஞ்சக்குக்கு நம் பெண் குழந்தைகளையும் கூப்பிடுகிறார்கள். பூரி, கொண்டைக்கடலை, அல்வா, கையில் ஒரு நாணயம் என்று எளிமையாக இருந்த சடங்கில் டிஃபன் டப்பாவும் வாட்டர் பாட்டிலும் ஏறிவிட்டன. அங்கேயும் இதே நோய்தான்.

நம்மிடம் இன்னொரு வழக்கம் உண்டு, மொய். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கத்திலிருந்து வந்தவர்கள் நம்மில் இருந்தால் அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆடி, ஆவணியில் மொய் விருந்து. கறிச்சோறு போட்டு, நோட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்து, யார் எவ்வளவு என்று எழுதிக்கொள்வார்கள். வாங்கியதை, அவர்கள் விருந்து வைக்கும்போது இன்னும் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். வட்டியில்லாக் கடன். கிணறு வெட்டியவர்கள், கடை வைத்தவர்கள், பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் எத்தனையோ பேர் அந்தப் பணத்தில்தான் செய்தார்கள். அங்கே கணக்கு வெளிப்படை. மைக் வைத்தே வாசிக்கிறார்கள்.

நாம் செய்வதும் மொய்தான். ஐந்நூறு ரூபாய் பொம்மையோடு வந்த பிள்ளைக்கு நூறு ரூபாய்ப் பையா என்று மனசுக்குள் ஒரு நோட்டை விரித்து வைத்திருக்கிறோம். வெளியில் கேட்டால் தாம்பூலம் என்கிறோம். முப்பது பிள்ளைகள், தலைக்கு 300 ரூபாய் என்றால் 9000 ஆகிறது. கேக்கும் சாப்பாடும் இதில் சேராது. அடுத்த மாதம் பிறந்தநாள் வைக்கிற வீடு 300-ஐத் தாண்ட வேண்டும், இல்லையென்றால் கூசிப்போக வேண்டும். ஒரு சம்பளத்தில் ஓடும் வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. போன வருஷம் இரண்டு வீட்டில் பிறந்தநாளுக்கு யாரையும் கூப்பிடவில்லை. "ஊருக்குப் போறோம்" என்றார்கள். அவர்கள் ஊருக்குப் போகவில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

சரி, பைக்குள் போடும் சாமானுக்கு வருகிறேன். பெரும்பாலும் எங்கே வாங்குகிறோம்? சதர் பஜார். தீஸ் ஹஸாரி மெட்ரோவில் இறங்கி, ஈ-ரிக்‌ஷாவில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து, தேலிவாரா சந்துக்குள் நுழைந்தால் கூரைவரை பொம்மை. டஜன் கணக்கில்தான் பேச்சு. கடைக்காரர் முதலில் கேட்பது "கித்னே பச்சே?" அடுத்தது "பஜெட் க்யா ஹை?" எத்தனை பிள்ளைகள், எவ்வளவு பணம். என்ன வயது என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அங்கே கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான்.

2019-இல் இந்தியத் தரக் கவுன்சில் தில்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் கடைகளிலிருந்து 121 பொம்மைகளை எடுத்துச் சோதித்தது. 66.9 சதவீதம் தேறவில்லை. சிலவற்றில் கன உலோகங்களும் பிளாஸ்டிக்கை மெத்தென்று ஆக்கும் தாலேட்டுகளும் அளவுக்கு மீறி இருந்தன. பலவற்றில் கூர்முனை, உடைந்து கழன்று வரும் துண்டு போன்ற குறைகள். அதன் பிறகுதான் மத்திய அரசு பொம்மைத் தரக்கட்டுப்பாட்டு ஆணையைப் பிறப்பித்தது. 2021 ஜனவரி 1 முதல், பதினான்கு வயதுக்குட்பட்டோர் விளையாடும் எந்தப் பொம்மையும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக்கூடாது. பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. அதனால் சன்னபட்ணா மரப்பொம்மையில் முத்திரை தேடிக் கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள். நம் பைக்குள் போகும் மினுக்கு மோதிரமும் விசிலும் பிளாஸ்டிக் கவரில் அள்ளிப் போட்டு விற்கிற சரக்கு. அதில் முத்திரையும் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை. பெரிய பொம்மை வாங்கும்போது முத்திரையைத் தேடுகிற நாம், பைக்கு என்றால் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

இந்த மினுக்குச் சாமான்களைப் பற்றிக் கொஞ்சம் பயமுறுத்தியே ஆக வேண்டும். அவற்றுக்குள் இருப்பது பொத்தான் பேட்டரி. விரலால் நெம்பினாலே மூடி திறந்துகொள்கிறது. தரமான பொம்மையில் ஸ்குரூ டிரைவர் இல்லாமல் திறக்க முடியாது. குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், எச்சிலின் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து அங்கே காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள் திசு வெந்துபோகலாம். வாழைப்பழம் கொடுத்து, காலையில் வெளியே வந்துவிடும் என்று காத்திருக்கிற காரியம் இல்லை இது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நம் பார்ட்டிக்கு ஆறு வயதுப் பிள்ளைகள் மட்டுமா வருகிறார்கள்? அவர்களோடு இடுப்பில் இரண்டு வயதுத் தம்பியும் வருகிறான். பை வீட்டுக்குப் போனதும் அதை முதலில் கவிழ்ப்பவன் அவன்தான். 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சோதனை உருளைக்குள் முழுதாக அடங்கிவிடும் எந்தத் துண்டும் மூன்று வயதுக்குட்பட்டவர் பொம்மையில் இருக்கக்கூடாது என்பது கணக்கு. பைக்குள் இருக்கும் மோதிரமும் டாஃபியும் அந்த உருளைக்குள் அடங்கும்.

கோயி பேக்கையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டிகள் இதைப் பார்த்துத் திகைத்துப் போகிறார்கள். கூரையில் தொங்கும் பெரிய பை. உள்ளே டாஃபி, குட்டிப் பொம்மை, தெர்மகோல் மணி, ஜிகினா. பிறந்தநாள் குழந்தை குச்சியால் குத்தியதும் எல்லாம் கொட்டும், எல்லாப் பிள்ளைகளும் தரையில் பாய்வார்கள். வலுவான பிள்ளை இரண்டு கையும் நிறைய அள்ளும், சின்னது அழும், தெர்மகோல் மணி யார் மூக்கிலாவது போகும். இதை விட்டுவிடலாம். எனக்கு வேறு வாதமே தேவைப்படவில்லை.

பைக்கும் சட்டம் உண்டு. 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் சாமான்கள் சிலவற்றுக்கு நாடு முழுக்கத் தடை. பலூனைச் செருகும் பிளாஸ்டிக் குச்சி, பிளாஸ்டிக் ஸ்பூன், கப், அலங்காரத் தெர்மகோல், இனிப்புப் பெட்டிக்கு மேல் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. வரிசையாகப் படித்தால் ஒரு பிறந்தநாள் மேஜையைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும். துணி மாதிரித் தோன்றுகிற யூனிகார்ன் பை துணி இல்லை. பாலிப்ரோப்பிலீன், அதாவது பிளாஸ்டிக் இழை. சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் குறைந்த எடையில் அந்தப் பை இருக்கவே கூடாது என்று விதி. நமக்குக் கிடைப்பது வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப்பக்கம் தெரிகிறது.

இதெல்லாம் எங்கே போகிறது என்று நமக்குச் சொல்ல வேண்டுமா? கிழக்குத் தில்லியின் குப்பை காஸிப்பூருக்குப் போகிறது. 1984-இல் தொடங்கிய கிடங்கு, 2002-இலேயே கொள்ளளவை எட்டிவிட்டது. அதற்குப் பிறகும் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். 2017 செப்டம்பர் 1 அன்று ஒரு பக்கம் சரிந்து வந்து வண்டிகளைக் கால்வாய்க்குள் தள்ளியதில் இரண்டு உயிர் போயிற்று. கோடையில் அந்த மலையில் தீப்பிடிக்கும்போது புகை காற்றோடு நம் பால்கனிக்கு வருகிறது. நம் கட்டிலுக்கடியிலிருந்து பெருக்கித் தள்ளிய பர்கர் அழிப்பானும் அங்கேதான் எரிகிறது.

ஆகவே பை வேண்டாம். பொருளைக் கையில் கொடுத்தால் போதும். ஒரே ஒரு பொருள்.

என்ன பொருள் என்பதற்கு என்னிடம் நீளமான பட்டியல் இல்லை. செடித்தொட்டி கொடுப்பது இப்போது நாகரிகம். எனக்கு அதில் சம்மதமில்லை. ஏழு வயதுக்குச் செடியில் ஆசை வருவது அபூர்வம், தண்ணீர் ஊற்றுவது அம்மா, மே மாதத்து 45 டிகிரியில் வாடி அம்மாவைக் குற்றவாளியாக்குவது செடி. குளிர்காலமாக இருந்து ஒரு பிடி வெந்தயத்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் அது வேறு. சில நாளில் முளைவிடும், பிள்ளை பார்க்கும், பறித்து மேத்தி பராத்தாவும் செய்துவிடலாம். தின்பண்டம் என்றால் ஜனவரியில் கஜக், ரேவ்டி. ஊரிலிருந்து யாராவது வந்தால் கோவில்பட்டி கடலை மிட்டாய். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

புத்தகத்தைப் பற்றித்தான் கொஞ்சம் நிறையச் சொல்ல ஆசை. தலைக்கு 300 செலவழிக்கிற நாம் புத்தகம் என்றதும் விலை ஜாஸ்தி என்கிறோம். சங்கர் பிள்ளை 1957-இல் ஆரம்பித்த சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் நம் ஊரிலேயே, பகதூர் ஷா ஸஃபர் மார்க்கில், பொம்மை மியூசியம் இருக்கும் அதே நேரு ஹவுஸில் இருக்கிறது. நேஷனல் புக் டிரஸ்டின் தலைமையகம் வசந்த் குஞ்சில். இரண்டிலும் நூறு ரூபாய்க்குள் படம் போட்ட நல்ல புத்தகங்கள் கிடைக்கின்றன. சென்னை தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் புத்தகங்கள் போடுகிறது. தமிழ் சொல்லித்தரும் டி.டி.இ.ஏ. பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு எழுத்து தெரியும். மற்ற பள்ளிகளுக்குப் போகும் நம் பிள்ளைகள் தமிழில் சண்டை போடுவார்கள், படிக்கச் சொன்னால் முழிப்பார்கள். அவர்களுக்கு இந்த இருமொழிப் புத்தகம் தோதானது. பாட்டி வீடியோ காலில் வரும்போது ஒரு பக்கம் வாசித்துக் காட்டலாம்.

இன்னொன்று. தரியாகஞ்ச் நடைபாதையிலிருந்த ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தை 2019-இல் ஆஸஃப் அலி ரோடு மஹிளா ஹாட்டுக்கு மாறியது. அங்கே பழைய குழந்தைப் புத்தகங்கள் குவியலாக இருக்கும். முப்பது புத்தகத்தைப் பொறுக்கி எடுத்து, துடைத்து, பார்ட்டி முடிவில் ஒரு பாயில் பரப்பிவிடுங்கள். பிள்ளைகளே ஆளுக்கொன்று தேர்ந்தெடுக்கட்டும். எல்லாம் வெவ்வேறு புத்தகம் என்பதால், எது ஒசத்தி என்று அம்மாக்கள் ஒப்பிடவும் வழியில்லை. டைனோசர் புத்தகத்துக்கு இரண்டு பேர் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும், பிறகு மாற்றிப் படிப்பார்கள். "பழசா?" என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு என்ன சொல்வது என்றுதான் யோசிக்கிறேன். லைப்ரரிப் புத்தகத்தைப் புதுசு என்றா படித்து வளர்ந்தோம்?

ஏழு வயதுக்கு மேற்பட்ட கும்பல் என்றால் செய்து எடுத்துப் போகச் சொல்லலாம். அரவிந்த் குப்தா என்று ஒரு ஐ.ஐ.டி. கான்பூர் இன்ஜினியர், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் இணைத்து முக்கோணம், கனசதுரம், வீடு என்று கட்டிக்காட்டிக் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவர். 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வால்வ் டியூப் எந்த சைக்கிள் கடையிலும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். தீக்குச்சியின் மருந்தை மட்டும் முதல் நாளே சுரண்டி எடுத்துவிடுங்கள். மேஜிக்காரருக்குக் கொடுக்கும் பணமும் மிச்சம். தீபாவளியையொட்டிப் பிறந்த பிள்ளைக்கு உத்தம் நகர் கும்ஹார் கிராமத்திலிருந்து மண் அகல் வாங்கி வந்து வண்ணம் தீட்ட வைக்கலாம். உடைந்தாலும் மண்ணோடு மண்.

இப்போது சொல்லப்போவதற்குச் சிலர் கோபித்துக்கொள்ளலாம். நம்மில் சில வீடுகளில் பைகள் இரண்டு வகையாகக் கட்டப்படுகின்றன. பள்ளித் தோழர்களுக்கு ஒன்று. வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் மகளுக்கும் காவலாளியின் மகனுக்கும் வேறொன்று. அல்லது மிஞ்சிய டாஃபி மட்டும். பிள்ளைகள் இதைக் கவனிக்கமாட்டார்கள் என்று நினைப்பது வீண். பார்க்கில் ஒன்றாக விளையாடுகிற பிள்ளைகள் மறுநாள் காலையிலேயே பையை ஒப்பிட்டுவிடுகிறார்கள். முப்பதை முப்பத்தைந்தாக ஆக்குங்கள், எல்லோருக்கும் ஒன்றே போகட்டும். கூடவே வந்த தம்பி தங்கையும் அதில் சேர்த்திதான். விலையைக் குறைத்தால்தான் இது முடியும். நான் விலையைக் குறைக்கச் சொல்வதற்கு முக்கியமான காரணமே இதுதான்.

ஒரு வீடு மட்டும் குறைத்தால் அதற்குக் கஞ்சம் என்று பெயர். பத்து வீடு சேர்ந்து குறைத்தால் அது வழக்கம். ஆகவே சேர்ந்து முடிவெடுப்போம்: ஒரே பொருள், நூறு ரூபாய்க்குள், பை இல்லை, பேட்டரி இல்லை. வாட்ஸ்ஆப்பில் பிரித்துப் படம் போடுவதில்லை. கொண்டுவரும் பரிசுக்கும் இதே அளவு இருக்க வேண்டும். அந்தப்பக்கம் ஐந்நூறு வந்துகொண்டிருந்தால் இந்தப்பக்கம் நூறில் நிற்க யாருக்கும் மனசு வராது. அன்பளிப்பைத் தவிர்க்கவும் என்று கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்க நமக்குத் தெரியும்தானே? அதை உண்மையிலேயே நம்பி வெறுங்கையோடு போகிற வீரர் யாரும் இல்லை என்பதும் தெரியும். அதனால் நான் தடை சொல்லவில்லை, வரம்பு சொல்கிறேன்.

முதல் முறை என் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆகஸ்ட் இரண்டாவது ஞாயிறு என் பையனுக்குப் பிறந்தநாள். மாலை ஐந்து மணி, பாக்கெட் பார்க், மழை வந்தால் கம்யூனிட்டி ஹால். ஆளுக்கு ஒரு காகிதப் பட்டம், சாவ்டி பஜார் பக்கத்து லால் குவானிலிருந்து. நூல் வெறும் பருத்தி நூல். கண்ணாடி பூசிய மாஞ்சாவுக்கும் சைனீஸ் மாஞ்சாவுக்கும் தில்லி அரசு 2017 ஜனவரியிலேயே தடை போட்டுவிட்டது. மற்றவர் பட்டத்தை அறுக்க முடியாது என்று பெரிய பையன்கள் இப்போதே முனகுகிறார்கள். பட்டத்துக்கு வால் ஒட்டப் பழைய செய்தித்தாளும் கோந்தும் வைத்திருப்பேன். பறக்கவிடத் தெரிந்த அப்பாக்கள் கட்டாயம் வர வேண்டும்; மொட்டைமாடி வேண்டாம், பார்க்கில் மின்கம்பி இல்லாத மூலையில்தான். வீட்டுக்கு எத்தனை பிள்ளைகள், வேலைக்கு வருகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து, என்று வியாழனுக்குள் சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை லால் குவான் போகிறேன், யாராவது கூட வந்தால் நல்லது. பட்டத்தைக் கசங்காமல் மெட்ரோவில் கொண்டுவர இரண்டு கை போதாது.

அன்புடன்,
பாக்கெட் மூன்றிலிருந்து ஓர் அம்மா